சுனைக்குடியில் யாரும் இருமவில்லை

அந்த வருஷத்து ஐப்பசியில் சுனைக்குடியில் மூன்று பேரைத் தவிர வேறு யாருக்கும் சளி பிடிக்கவில்லை. மலையடிவாரத்து ஊர், மழை பிடித்தால் கார்த்திகை முடிகிறவரை துவைத்த துணி காயாத ஊர், போதாக்குறைக்கு வீட்டுக்கு வீடு பெண்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிறவரை பீடி சுற்றுகிற ஊர், புகையிலைத் தூள் அரிசிப் பானைக்குள்ளும் தலையணைக்குள்ளும் பிள்ளைகளின் புத்தகப் பைக்குள்ளும் குடியேறியிருக்கிற ஊர். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு தும்மல் இல்லாமல், ஒரு செருமல் இல்லாமல் ஒரு மழைக்காலம் நடந்துகொண்டிருந்தது என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சுனைக்குடிக்காரர்கள் சிரிக்கவில்லை. அவர்களுக்குக் காரணம் தெரியும், அந்தக் காரணம் தினமும் விடியற்காலையில் ஊரைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது.

ஓடியவர்கள் மூன்று பேர். முன்னால் பேச்சிக்கனி, அவளுக்குப் பின்னால் அவள் கூடப் படித்த ஆவுடைச்செல்வி, கடைசியில் மூச்சை எண்ணி எண்ணி விடுகிற பூதத்தான். தை மாதம் மதுரையில் நெடுந்தூர ஓட்டப் போட்டி நடக்கவிருந்தது, அதில் முன்னால் வருகிற சிலருக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். மற்ற இருவருக்கும் அடுத்த வருஷம் என்று ஒன்று இருந்தது. பேச்சிக்கனிக்கு வயது வரம்பு அந்தத் தையோடு முடிகிறது. அது தப்பினால் அம்மா கோமதிக்கு எதிரே இன்னொரு தட்டைப் போட்டு உட்கார வேண்டியதுதான், வேறு கதி இல்லை. ஓடி ஓடி நகம் பெயர்ந்தபோதெல்லாம் அழாத பெண், அந்தத் தட்டை நினைத்தால் மட்டும் பயந்தாள்.

முதலில் நடந்தது தெரியாமல் நடந்ததுதான். தண்ணீர்த் தொட்டித் தெருவில் சண்முகத்தாய் என்று ஒருத்தி, அவள் புருஷன் முருகையா. முருகையாவின் இருமலை அறியாதவர்கள் ஊரில் கிடையாது: கதவைத் தட்டுகிற மாதிரி இரண்டு, அதன் பிறகு நீளமாக ஒரு விசில். பல வருஷமாக அந்த விசிலுக்குப் பக்கத்தில் படுத்துத் தூக்கம் கெட்ட சண்முகத்தாய் ஒருநாள் உப்பும் காய்ந்த மிளகாயும் ஒரு எலுமிச்சம்பழமும் எடுத்து அவர் தலையைச் சுற்றி, விடிவதற்கு முன்னால் முச்சந்தியில் கழிப்புப் போட்டுவிட்டு, முறைப்படி திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்தாள். கழிப்பை யாரும் தாண்ட மாட்டார்கள், ஓரமாக ஒதுங்கித்தான் போவார்கள். ஆனால் ஓடுகிறவர்கள் எங்கே தரையைப் பார்த்தார்கள்? மழைத் தூறலில் மூன்று பேரும் வந்தார்கள், பூதத்தான் அதைத் தாண்டினான்.

அன்றைக்குக் காலையில் முருகையாவுக்கு நெஞ்சு கழுவிவிட்ட வாசல் மாதிரி இருந்தது. மூச்சை இழுத்தார், போனது, விட்டார், வந்தது. நம்பிக்கை வராமல் டீக்கடைக்கு நடந்து போனபோது அங்கே பெஞ்சில் உட்கார்ந்து பூதத்தான் இருமிக்கொண்டிருந்தான். கதவைத் தட்டுகிற மாதிரி இரண்டு, நீளமாக ஒரு விசில். கடையில் இருந்த எல்லோரும் முருகையாவைத் திரும்பிப் பார்த்தார்கள். முருகையா பையனுக்கு இரண்டு வடை கொடுக்கச் சொல்லிவிட்டு, வெட்கப்பட்டவர் போலத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

அதன் பிறகு ஊர் ஆச்சரியப்பட்டு நேரத்தை வீணாக்கவில்லை, வேலையைப் பார்த்தது. மறுநாள் முச்சந்தியில் ஏழெட்டுக் கழிப்பு கிடந்தது, அடுத்த வாரம் ரேஷன் கடை வளைவிலும் கோயில் பின்பக்கத்துச் சந்திலும் கிடந்தது. ஆடு தாண்டிப் பார்த்தது, ஆட்டுக்கு ஒன்றும் இல்லை; பால்காரரின் சைக்கிள் ஏறிப் போனது, அவருக்கும் ஒன்றும் இல்லை; சும்மா நடந்து தாண்டியவர்களுக்குக்கூட மூக்கு அரிக்கவில்லை. ஓடுகிற காலுக்குத்தான் அது ஒட்டியது. பூதத்தானுக்கு மேலத்தெருவின் இருமல்களெல்லாம் வந்தன. ஆவுடைச்செல்விக்குத் தும்மல்கள். பீடிக் கடை பால்த்துரை ஆறடி ஆள், அவர் தும்மினால் கடை ஷட்டரை இழுத்து விட்ட மாதிரி இருக்கும். அந்தத் தும்மல் ஈர்க்குச்சி மாதிரி இருந்த ஆவுடைச்செல்வியின் மூக்கிலிருந்து புறப்பட்டபோது அவள் அரையடி பின்னால் போய் நின்றாள்.

பேச்சிக்கனிக்கு வந்தவை தொட்டில் பிள்ளைகளின் கபம். சின்னச் சின்னப் பூனைச் சத்தமாக அவள் நெஞ்சுக்குள் கிர்கிர் என்றது. அதை அவள் குறையாகச் சொன்னதே இல்லை. பச்சைப்பிள்ளைகள் மூச்சுக்குத் திண்டாடுவதைவிடத் தன்னிடம் இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் நினைத்தாள். ஊர் அந்த நினைப்பைச் சரியாக மோப்பம் பிடித்துக்கொண்டது, பிள்ளைகளின் கபத்துக்குப் பின்னால் பிள்ளைகளின் தகப்பன்மாருடைய சளியும் வந்து சேர்ந்தது.

ஒன்று சொல்ல வேண்டும், சுனைக்குடிக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் இந்தக் கதை சீக்கிரம் முடிந்திருக்கும். ஓடி முடித்து வருகிற மூவருக்கும் வாசலுக்கு வாசல் ஏதாவது காத்திருந்தது: நாட்டுக்கோழி ரசம், சுக்குக் காப்பி, அவித்த முட்டை, தலை துவட்டப் புதுத் துண்டு. அவர்கள் ஓடி வரும்போது மக்கள் வாசலுக்கு வந்து நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள், அவரவர் இருமல் கடந்து போகும்போது முகம் மலர்ந்து, "நம்ம இருமலு நல்லாத்தான் இருக்கு, கேட்டியா?" என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள், வெளியூரில் படிக்கிற பிள்ளை சௌக்கியம் என்று சேதி வந்த மாதிரி. வளைவுகளில் தெருவிளக்கு எரிவது ஓடுகிறவர்களுக்குக் கண் கூசும் என்று யாரோ சொல்ல, பஞ்சாயத்தில் அதை அணைத்தும் வைத்தார்கள். கண் கூசுகிறது என்று ஓடுகிறவர்கள் யாரும் சொல்லியிருக்கவில்லை.

கார்த்திகையில் பூதத்தான் முதலில் கழன்றான். புனலூரில் ஒரு ஹோட்டலில் வேலை கிடைத்திருக்கிறது என்று ஒரு பையோடு பஸ் ஏறினான். அங்கே போய் ஓட்டத்தை நிறுத்திய மறுநாளே மேலத்தெரு இருமல்களெல்லாம் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தன, தண்ணீர்த் தொட்டித் தெருவுக்கு முருகையாவின் விசிலும். ஓடுகிறவரைக்கும்தான் ஒட்டியிருக்கும், ஓட்டம் நின்றால் சொந்தக்காரரிடம் திரும்பிவிடும் என்று ஊருக்கு அப்போதுதான் தெரிந்தது. அடுத்த விடியற்காலையில் அவற்றை அள்ளிக்கொண்டு போய் மீதமிருந்த இரண்டு பெண்களும் ஓடுகிற வழியில் கழிப்பாகப் போட்டார்கள். அதற்கு அடுத்த வாரம் ஆவுடைச்செல்வியைப் பெண் பார்க்க வந்தார்கள். காப்பித் தட்டை நீட்டும்போது பால்த்துரையின் தும்மல் வந்து தட்டோடு மாப்பிள்ளை மடியில் கவிழ்ந்தது. சம்பந்தம் நல்ல சம்பந்தம், அதனால் நிச்சயம் முடிந்தது, ஆனால் இனிமேல் ஓடக் கூடாது என்று அவள் அப்பா சொல்லிவிட்டார்.

ஆக மார்கழி பிறந்தபோது முழு ஊரின் சளியும் பேச்சிக்கனி ஒருத்தியின் நெஞ்சில் இருந்தது.

அவள் இருமினால் ஒரு தெருவே இருமுகிற மாதிரி கேட்கும். முருகையா வருவார், பின்னால் ரேஷன் கடைக்காரர் வருவார், நடுவில் பால்த்துரை ஷட்டரை இழுப்பார், எல்லோருக்கும் அடியில் பூனைக்குட்டிகள் கிர்கிர் என்னும். அப்படியும் ஓடினாள். மார்கழி பஜனையில் அந்த வருஷம்தான் எல்லோருக்கும் குரல் சேர்ந்து வந்தது, கேட்கவே சுகமாக இருந்தது என்று பக்கத்து ஊர்க்காரர்கள்கூடச் சொன்னார்கள். அந்தச் சுகத்தை ஊர் சுற்றி ஓடுகிறவள் குளக்கரையில் குனிந்து நின்று, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய இருமியபடி கேட்டாள்.

ஊரில் இருமிக்கொண்டிருந்தது இன்னும் ஒரே ஒருத்தி, அது அவள் அம்மா. கோமதிக்குப் பீடித் தூளால் வந்த வறட்டு இருமல், பேச்சிக்கனி தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து உள்ளது. அவள் மட்டும் கழிப்புப் போடவில்லை. எதற்கு இந்த வீம்பு என்று தெருவில் கேட்டார்கள், வீட்டில் மகளும் கேட்டாள்.

"ஊரு இருமலெல்லாம் சொமக்கேன், ஒன்னோடத சொமக்க மாட்டேனாம்மா? ஒண்ணோட ஒண்ணா அதும் இருந்துட்டுப் போவுது."

கோமதி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. இலையை வெட்டியபடியே சொன்னாள்: "இது நான் பீடி சுத்திச் சம்பாரிச்சது. ஒனக்குத் தர மாட்டேன்."

ஒருநாள் ஓட்டத்தின் நடுவில் பேச்சிக்கனிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது, வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். கோமதி அவளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். மழைக்காலம் முழுவதும் கூட்டமே இல்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்த டாக்டரம்மா அவள் முதுகில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். உடம்பை வருத்தி ஓடுகிறவர்களுக்குச் சளி சீக்கிரம் பிடிக்கும், அது உள்ளதுதான், ஆனால் இது நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது, இதோடு ஓடினால் இதயத்துக்கே ஆபத்து என்றார். "போட்டி நாள் வரைக்கும் ஓடக் கூடாது. நடக்கலாம், மெதுவா. ஓய்வு எடுத்தா அன்னைக்கு ஓடுவ. எடுக்கலன்னா அன்னைக்கு நீ ஆஸ்பத்திரில இருப்ப."

பேச்சிக்கனி ஓடுவதை நிறுத்தினாள். மறுநாள் காலையில் சுனைக்குடி விழித்துக்கொண்டு இருமியது.

 யாரும் சண்டைக்கு வரவில்லை, யாரும் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. விடியற்காலையில் அவள் வழக்கமாகப் புறப்படுகிற நேரத்துக்கு வந்து அவள் வீட்டுக்கு முன்னால் தெருவில் உட்கார்ந்தார்கள். கையில் தூக்குச்சட்டியில் ரசம், மடியில் பிள்ளை. உட்கார்ந்து இருமினார்கள். கதவு திறக்கும் என்று காத்திருந்தார்கள், திறக்காவிட்டால் ரசத்தை வாசலில் வைத்துவிட்டு, ஒரு கும்பிடும் போட்டுவிட்டுப் போனார்கள். உள்ளே பேச்சிக்கனி பாயில் மல்லாந்து கிடந்து ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டுகொண்டாள். தன் நெஞ்சில் இருந்தவைதானே, எது யாருடையது என்று அவளைவிடத் தெரிந்தவர் யார்? பூனைக்குட்டிச் சத்தம் கேட்டபோது மட்டும் எழுந்து உட்கார்ந்தாள்.

"யம்மா, ஒரே ஒரு சுத்து ஓடிட்டு வந்துரட்டா? பிள்ளைகளுக்கு மட்டும்."

"படுட்டி" என்றாள் கோமதி. அவள் முதுகைக் கதவில் சாய்த்து உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். தை பிறக்கும் வரை அவள் வேறு எங்கேயும் உட்காரவில்லை.

மகளின் நெஞ்சு தெளிந்தது. பச்சைத் தண்ணீர் மாதிரி மூச்சு வந்தது. போட்டிக்கு முந்தின நாள் மதுரைக்குப் போக வேண்டும், அதற்குச் சுனைக்குடியிலிருந்து காலை பஸ் ஒன்றுதான், அதை விட்டால் மத்தியானம்தான் அடுத்தது, அது ஓடுகிறவர்களுக்கு எண் கொடுக்கிற நேரத்துக்குப் போய்ச் சேராது. பேச்சிக்கனி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

தெருவே வழியனுப்ப வந்து நின்றது. கதவு நிலையிலிருந்து தெருக்கோடி பஸ் நிறுத்தம் வரை இருபக்கமும் ஆட்கள், நடுவில் தரை தெரியவில்லை. உப்பு, மிளகாய், எலுமிச்சம்பழம், உப்பு, மிளகாய், எலுமிச்சம்பழம், வீட்டுக்கு ஒன்று, சில வீட்டுக்கு இரண்டு. பேச்சிக்கனி அதைப் பார்த்தாள். நடந்து தாண்டினால் ஒட்டாது என்று அவளுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடக்கிறவளைப் போல முதல் கழிப்பை நிதானமாகத் தாண்டினாள்.

சண்முகத்தாய் ஆரத்தி எடுத்தாள். மறுக்க முடியுமா, நின்றாள். ரேஷன் கடைக்காரர் மனைவி பூ வைத்துவிட்டாள், கொண்டை ஊசி கிடைக்காமல் தேடினாள். பால்த்துரை அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஊர்ப் பெருமை, பெண்களின் முன்னேற்றம் என்று ஆரம்பித்தார், நடுநடுவே ஷட்டரை இழுத்தார். பேசிவைத்துச் செய்தோம் என்று அவர்களில் ஒருவரும் இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை, ஒருவேளை பேசிவைக்காமலேதான் செய்திருப்பார்கள், அன்பாகப் பேசிக்கொண்டே ஒரு பெண்ணை பஸ்ஸுக்குப் பிந்த வைக்க ஓர் ஊருக்குக் கூட்டமா போட வேண்டும்? தெருக்கோடியில் பஸ் வந்து நின்றது. ஹாரன் அடித்தது. பாதித் தெரு பாக்கி இருந்தது.

"ஓடிப்போய்ப் பிடிச்சிரு மக்கா" என்று கூட்டத்தில் யாரோ அக்கறையாகச் சொன்னார்கள்.

பேச்சிக்கனியின் தொடை துடித்தது. பிறந்ததிலிருந்து அவள் கால்கள் அறிந்த ஒரே பதில் அதுதான், பஸ் கிளம்பினால் ஓடு. பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் அடி வைத்தாள், இன்னொரு அடி வைத்தாள். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தது. நகர்வதைப் பார்த்துக்கொண்டே அவள் நடந்தாள், அழுதுகொண்டே நடந்தாள், ஓடவில்லை.

ஓடியது கோமதி.

வழியனுப்பப் பின்னால் வந்தவள், யோசித்துச் செய்தாளா யோசிக்காமல் செய்தாளா தெரியாது, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுத்தெருவில் ஓடினாள். வாழ்நாள் முழுக்கச் சம்மணம் போட்டு உட்கார்ந்த கால்கள், ஓட்டம் என்று சொல்ல முடியாது, தடதடவென்று ஒரு விழுதலை முன்னால் தள்ளிக்கொண்டே போவது மாதிரி இருந்தது. "வண்டிய நிறுத்துங்க அண்ணாச்சி, எம்புள்ள வருது" என்று கத்தினாள். உப்பு நொறுங்கியது, எலுமிச்சம்பழம் உருண்டது, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் தாண்டிப் போய் பஸ்ஸின் பின்கதவைத் தட்டினாள். பஸ் நின்றது. தெருவில் இருமல் சட்டென்று அடங்கியது.

பேச்சிக்கனி நடந்தே வந்து சேர்ந்தபோது அம்மா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தாள். முருகையா வந்தார், ரேஷன் கடைக்காரர் வந்தார், பால்த்துரை வந்து அவளைத் தூக்கி உதறினார். சொந்த இருமலை அந்தக் கூட்டத்தில் கண்டுபிடிக்கவே முடியவில்லை. பேச்சிக்கனி படியில் வைத்த காலை எடுத்தாள்.

"ஏறுட்டி."

"நான் போவல."

"எறங்குனன்னா கால ஒடிச்சிப்புடுவேன்" என்றாள் கோமதி. மூச்சு கிடைத்த இடைவெளியில் அவளை உள்ளே தள்ளினாள். பஸ் கிளம்பிவிட்டது. ஜன்னலில் பேச்சிக்கனியின் முகம் தெரிந்தது, வளைவு வரை தெரிந்தது.

கோமதி நிறுத்தத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சனங்கள் மெதுவாக வந்து சுற்றி நின்றார்கள். எல்லோருக்கும் மூச்சு நன்றாக இருந்தது, அதனால் எல்லோரும் சங்கடமாக இருந்தார்கள். கடைசியில் பால்த்துரைதான் தொண்டையைக் கனைக்காமல், கனைக்க அவசியமில்லாத சுத்தமான குரலில், மிகப் பணிவாகச் சொன்னார்.

"மயினி, சும்மா நிக்காதீய. நின்னா எல்லாம் திரும்பிருமே. அப்படியே மெள்ள ஓடுனாப்புல வீட்டுக்குப் போங்க. நாங்க கூட வாரோம். தட்டெல்லாம் இனி நீங்க தொட வேண்டாம், சோத்துக்கு ஊரு இருக்கு."

கோமதி அவரைப் பார்த்தாள். பதில் சொல்ல வாயைத் திறந்தால் அவருடைய தும்மலே வந்தது. பிறகு அவள் நிறுத்தத்து சிமெண்டுத் திண்டு வரை நடந்துபோய், தட்டுக்கு முன்னால் உட்காருகிற மாதிரி காலை மடக்கி, சேலையை ஒதுக்கி, சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் உக்காந்துட்டேன்" என்றாள்.

யாரும் அவளைத் தொடவில்லை. யாரும் கலைந்தும் போகவில்லை. இன்னும் சற்று நேரத்திலோ நாளைக்கோ வரப்போவதை எண்ணி ஒவ்வொருவரும் தன் நெஞ்சைக் கவனித்துக்கொண்டு நின்றார்கள். இருமி இருமிக் கோமதியின் உதடு நீலம் பாய ஆரம்பித்தது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சண்முகத்தாய் வந்தாள். திண்டில் கோமதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முதுகை நீவினாள். நீவ நீவ உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிற மாதிரி இரண்டு வந்தது, நீளமாக ஒரு விசில் வந்தது. சண்முகத்தாய் அழுதாள்.

"மயினி, எங்க வீட்டுக்கு உள்ளத மொதல்ல அனுப்பு" என்றாள்.

கூட்டத்துக்குப் பின்னால் நின்ற முருகையா தோளிலிருந்து துண்டை எடுத்து, வாயருகே வைத்துக்கொண்டு காத்திருந்தார்.